அசல் இருமல்

பாடத் தெரிந்தவர்கள் உண்டு, பாடத் தெரியாதவர்கள் உண்டு, தெரியாமலே பாடுகிறவர்கள் ஏராளமாக உண்டு. இந்த மூன்று வகையிலும் சேராத நாலாவது வகை ஒன்று, மணிலாவை ஒட்டிய மரிக்கினாவில் உரம் போடாமலே செழித்து வளர்கிறது. இவர் பாடுவதில்லை, ஒலிக்கிறார். எங்கோ ஒரு தேசத்தில் யாரோ ஒருவர் பதிவு செய்த பாட்டை, அந்த யாரோ எங்கே மூச்சு வாங்கினாரோ அங்கே மூச்சு வாங்கி, எங்கே குரல் கரகரத்தாரோ அங்கே கரகரத்து, எங்கே இருமினாரோ அங்கே தானும் இருமி, இம்மி பிசகாமல் உங்கள் முன்னால் இறக்கி வைக்கிறார். இசைத்தட்டில் இருப்பது அப்படியே வந்தால் அதை அந்த ஊரில் 'ப்ளகாடோ' என்பார்கள். பாடி முடித்தவரிடம் போய் "நல்லா இருந்துச்சு" என்று சொல்லிப் பாருங்கள், முகம் சுண்டிப்போகும். "ப்ளகாடோ" என்று சொல்லுங்கள். உங்கள் தட்டில் பன்றி வறுவலின் மொறுமொறுத் தோல் ஒரு துண்டு கூடுதலாக விழும்.

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். பிறந்தநாள் வீட்டில் எல்லோரும் கேக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இவர் மட்டும், பாட்டுவரியைத் திரையில் ஓட்டிப் பாடுகிறவருக்கு மதிப்பெண் போடுகிற வீடியோக்கே பெட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பார். வாடகைக்கு வந்த பெட்டியின் மைக்கைத் தொட மாட்டார், சொந்த மைக் வைத்திருப்பார், அதற்குப் பட்டுத்துணியில் உறை தைத்திருப்பார், உறையைக் கழற்றுவதற்கே ஒரு பாட்டு நேரம் எடுத்துக்கொள்வார். பெட்டி நூறு மதிப்பெண் கொடுத்து எக்காளம் ஊதினால் அது அவருடைய திறமை. குறைத்துக் கொடுத்தால் பக்கத்து வீட்டில் யாரோ துணி தேய்க்கிறார்கள், மின்சாரம் இறங்கிவிட்டது. சத்தமாக எது கேட்டாலும் அந்தப் பெட்டி மதிப்பெண் போடும், ஒரு முறை இரண்டு பாட்டுக்கு நடுவே குரைத்த நாய்க்கு எக்காளமே ஊதியிருக்கிறது என்பது ஊரறிந்த விஷயம். நாயை மட்டும்தான் அவர் மன்னிக்கவில்லை.

மாங் நார்சிங் இந்த இனத்தின் தலைமகன். மரியாதைக்கு முன்னால் போடுகிற 'மாங்' இல்லாமல் அவரை யாரும் கூப்பிடுவதில்லை. தொழில், ஜீப்னி என்கிற உள்ளூர்ச் சிற்றுந்துகளுக்கும் மூன்று சக்கர வண்டிகளுக்கும் பஞ்சர் ஒட்டுவது. மனைவி பெலிங். பிள்ளைகள் இல்லை. கல்லூரிப் படிப்புக்காகத் தம்பி மகள் லவ்லி வந்து கூடவே தங்கியிருக்கிறாள். இவர்களைத் தவிர வீட்டில் இன்னொரு ஜீவனும் உண்டு. செனடோர் என்கிற சண்டைச் சேவல். அது இதுவரை எந்தச் சண்டைக்கும் போனதில்லை. அனுப்ப மனசு வரவில்லை.

வித்தை அவருக்கு அப்பா வழியில் வந்தது. அப்பா காலத்தில் அமெரிக்கப் பாட்டுகள் தட்டில்தான் வரும். அவரிடம் இருந்த ஒரே தட்டில் ஒரு கீறல். ஊசி அந்த இடத்துக்கு வந்தால் ஒரே அடியைத் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுத் தடுக்கி அப்பால் குதிக்கும். அப்பாவும் அந்த அடியை அத்தனை தடவை சொல்லிவிட்டுத் தடுக்கிக் குதித்தார். பேட்டையே அவரிடமிருந்து கற்றுக்கொண்டது. இன்றைக்கும் அங்கே கல்யாணங்களில் அந்தப் பாட்டை அப்படித்தான் பாடுகிறார்கள், குதிக்கிற இடத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் சேர்ந்து குதிக்கிறார்கள். போன வருஷம் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து வந்த ஒரு மைத்துனர் அதைக் குதிக்காமல் பாடினார். பாவம், அங்கே போய்ப் பாட்டை மறந்துவிட்டார் என்று எல்லோரும் வருத்தப்பட்டார்கள்.

அப்பாவுக்குத் தட்டு, மகனுக்கு கேசட், பிறகு வீடியோக்கே பெட்டி, இப்போது கைபேசி. கருவி மாற மாற அசலும் ஊர் மாறியது. முதலில் அமெரிக்காவில் இருந்தது, நடுவில் கொஞ்ச நாள் லண்டனில் இருந்தது, இப்போது கொரியாவில் குடியிருக்கிறது. மாங் நார்சிங்குக்கு அதில் வருத்தம் கிடையாது. அசல் எங்கே இருந்தாலும் சரி, இங்கே இல்லாமல் இருந்தால் போதும்.

உள்ளூர்ப் பிள்ளைகள் தாங்களே பாட்டுக் கட்டி, உள்ளூர் மொழியில் பாடி, ஆடி, கைபேசியில் ஏற்றுகிற காலம் இது. அது அவருக்குப் பிடிக்காது. லவ்லி ஒரு தடவை அப்படி ஒன்றைப் போட்டுக் காட்டினாள்.

"யாரு பாடினது?"

"நம்ம ஊர்ப் பசங்க பெரியப்பா. பாட்டும் அவங்களே எழுதினது."

"அப்போ இது சரியா தப்பான்னு எப்படிப் பார்க்கறது?"

"எதுக்குப் பார்க்கணும்?"

அவர் அவளைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு ஒரு டயரை எடுத்துத் தண்ணீரில் முக்கினார்.

சரி, கதைக்கு வருவோம். ஆமாம், கேலி செய்ய வந்த இடத்தில் ஒரு கதையும் இருக்கிறது.

தினம் காலையில் மாங் நார்சிங் செனடோரைக் குளிப்பாட்டுவார். வெதுவெதுப்பான தண்ணீர், கழுத்திலிருந்து வால்வரை தடவல், பிறகு ஒவ்வொரு இறக்கையாகத் தூக்கி அடியில் தேய்ப்பு. அந்த நேரத்தில் அவர் வாயிலிருந்து ஒரு முனகல் கிளம்பும். வார்த்தை கிடையாது. ம்ம், ஓ, லா, நடுவில் சேவலைக் கொஞ்சுகிற 'டுக்டுக்டுக்', காலைச் சிகரெட்டின் உபயத்தில் ஒரு இருமல், உள்ளே பெலிங் கருவாடு வறுக்கிற சட்டியின் மூடி விழுகிற 'டாங்'. தான் முனகுவது அவருக்கே தெரியாது. தெரிந்திருந்தால் நிறுத்தியிருப்பார். யாரும் ஏற்கனவே பாடாத ஒன்றை வாயில் வைத்துக்கொள்வது அவருக்கு அருவருப்பு.

லவ்லி அதைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பதிவு செய்தாள். கைபேசியில் போட்டு வெட்டினாள், இழுத்தாள், குரலை வழவழவென்று மெழுகினாள், எதிரொலி சேர்த்தாள், கீழே கொரியா பாணித் தாளம் ஒன்றை ஓடவிட்டாள். பேர் எதுவும் போடாமல் ஏற்றிவிட்டுத் தேர்வுக்குப் படிக்கப் போய்விட்டாள். படித்து முடித்து வருவதற்குள் ஜகார்த்தாவில் பள்ளிப் பிள்ளைகள் அதற்கு ஆடிக்கொண்டிருந்தார்கள். பிறகு சியோலில். பிறகு பிரேசிலில் ஒரு பல் மருத்துவர் தன் நோயாளியோடு ஆடினார். 'டுக்டுக்டுக்' வரும்போது இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டு கழுத்தை வெட்ட வேண்டும், அதுதான் ஆட்டம்.

இப்படி உலகத்தைச் சுற்றிவிட்டு அந்தப் பாட்டு ஒரு ஜீப்னியின் ஒலிபெருக்கி வழியாக, பஞ்சர் ஒட்டிக்கொள்ள, மாங் நார்சிங்கின் கடை வாசலில் வந்து நின்றது.

அவர் கையிலிருந்த பசைக் குப்பி நழுவியது. ஓட்டுநரிடம் அதையே மறுபடி மறுபடி போடச் சொல்லிக் கேட்டார். ஒட்டுவேலைக்குக் காசு வாங்க மறந்துவிட்டார்.

"பெலிங், கேளு. இது கொரியா," என்றார் வீட்டுக்கு வந்ததும். "பாடறவன் இருபது வயசுப் பையன். ஒல்லியா இருப்பான். முடிக்கு வெள்ளிச் சாயம் போட்டிருப்பான். காதல் தோல்வி."

"எங்கயோ கேட்ட குரலா இருக்குங்களே."

"கொரியாவுல உனக்கு யாரைத் தெரியும்?"

"யாரையும் தெரியாதுங்க. ஆனா அந்த இருமல்..."

"அதைத்தான் சொல்றேன். அந்த இருமலைக் கவனிச்சியா? நம்ம ஊர்ல எவனாவது இப்படி இருமுவானா? நம்மாளு இருமினா சளி கேட்கும். இதுல துக்கம் கேட்குது."

லவ்லி கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டாள். கேட்காமல் பதிவு செய்த குற்றம் உறுத்தியது. "பெரியப்பா, அது வந்து..." என்று ஆரம்பித்தாள்.

"அசல் ஓடும்போது பேசக் கூடாது," என்றார் பெரியப்பா.

அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பேட்டைத் திருவிழாவில் வருஷா வருஷம் ப்ளகாடோ போட்டி நடக்கும். முதலில் அசலைக் கொஞ்சம் ஒலிபெருக்கியில் போடுவார்கள், உடனே போட்டியாளர் பாட வேண்டும், எவர் அசலை ஒட்டிப் போகிறாரோ அவருக்குத் தலையில் அட்டைக் கிரீடம். அந்தக் கிரீடம் மாங் நார்சிங்கின் வீட்டு அலமாரியை விட்டு வெளியே போனதே இல்லை. இந்த வருஷமும் போகாது என்று அவர் முக்குக் கடை வாசலில் சொன்னபோது, முடிதிருத்தும் கடோய் அங்கே ஐஸ் போட்ட பீர் குடித்துக்கொண்டிருந்தான். கடோய் பல வருஷமாக இரண்டாவதாக வருகிறவன்.

"போங்க மாங் நார்சிங். வயசாயிடுச்சு. உங்களுக்கு இப்போ மூச்சு தானா வருது, அசல்ல வர்ற இடத்துல வரமாட்டேங்குது."

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். அங்கேயே பட்டு உறையிலிருந்து மைக்கை எடுத்துத் தூக்கிப் பிடித்தார்.

"என்னைவிட அசலை ஒட்டிப் பாடறவன் எவனா இருந்தாலும் சரி, இந்த மைக் அவனுக்கு. அதுக்கப்புறம் நான் மேடையில வாயைத் திறக்க மாட்டேன். கடைக்காரம்மா, நீங்க சாட்சி."

கடைக்காரம்மா சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். விஷயம் சாயங்காலத்துக்குள் பேட்டையின் தலைவி கப்பித்தானா லூர்தெஸ் காதுக்குப் போய் அதிகாரபூர்வமாகிவிட்டது.

அதன் பிறகு அந்த வீட்டில் நடந்த பயிற்சியை என்னவென்று சொல்வது? தலைமுடிக்கு வருஷக்கணக்காகக் கறுப்புச் சாயம் அடித்துவந்த மனிதர், வெள்ளைமுடி மேல் இருந்த கறுப்புக்கு மேலே வெள்ளிச் சாயம் அடித்தார். ஒல்லியாக வேண்டும் என்று இரவுச் சோற்றை விட்டார், பிறகு காதல் தோல்வி வேண்டும் என்று பெலிங்கோடு பேசுவதை விட்டார். பெலிங் அதைக் கவனிக்கச் சில நாள் ஆயிற்று. கண்ணாடி முன்னால் நின்று இருமினார். லவ்லியைக் கேட்கச் சொன்னார்.

"எப்படி?"

"அப்படியே உங்க இருமல் மாதிரியே இருக்கு பெரியப்பா."

"அதான் பிரச்சினை," என்று பெருமூச்சு விட்டார். "நான் அவன் மாதிரி இருமணும்."

'டாங்' அவரை ரொம்பப் படுத்தியது. அது ஏதோ வெண்கலத்தில் வார்த்த வெளிநாட்டு வாத்தியம், லட்சக்கணக்கில் இருக்கும் என்பது அவருடைய தீர்மானம். மேடையில் அந்த இடத்தில் தட்டுவதற்குப் பெலிங்கிடம் சட்டி மூடியைக் கொடுத்தார், ஆனால் மனசு ஒப்பவில்லை. "இதுல அந்த நாதம் எங்கேர்ந்து வரும்? நம்ம ஊரு அலுமினியம்," என்றார். அந்த மூடிதான் அந்த மூடி. பெலிங் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. லவ்லியைப் பார்த்தாள். லவ்லி கண்ணால் ஆமாம் என்றாள். இரண்டு பேரும் சமையலறைக்குள் போய், முந்தானை இல்லாத ஊரில் வாயில் எதை வைத்து அடைப்பது என்று தெரியாமல், ஆளுக்கொரு துண்டை வைத்து அடைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

"சொல்லிடலாமா பெரியம்மா?"

"இப்போ சொன்னா நம்பமாட்டாரு. நம்பினா பாடமாட்டாரு. திருவிழா முடியட்டும்."

இதற்கிடையில் செனடோர் வாடிப்போயிற்று. கொரியாக்காரனுக்குக் குரலைப் பத்திரப்படுத்துவதற்காக அவர் காலையில் முனகுவதை நிறுத்தியிருந்தார். இல்லை, அவர் நிறுத்தவில்லை, நினைத்து நிறுத்துவதற்கு அது இருப்பதே அவருக்குத் தெரியாதே. காலை நேரமெல்லாம் பயிற்சிக்குப் போய்விட்டது, குளியல் லவ்லியின் கைக்கு வந்தது. அவ்வளவுதான். சேவல் குளித்தது. ஆனால் இறக்கையைத் தானாகத் தூக்கிக் கொடுக்கவில்லை.

திருவிழா அன்று சாயங்காலம் கூடைப்பந்து மைதானத்தில் மேடை. மேலே காகிதத் தோரணம், கீழே நாற்காலி கிடைத்தவர்கள், மதில்மேல் கிடைக்காதவர்கள். மைதானத்துக்குப் பின்பக்கச் சுவர்தான் மாங் நார்சிங் வீட்டின் கொல்லைச் சுவர். நடுவர்கள் கப்பித்தானாவும், அழகு நிலையம் வைத்திருக்கும் அவருடைய தங்கையும். கடோய் ஒரு பழைய அமெரிக்கக் காதல் பாட்டைப் பாடினான். மூச்செல்லாம் அதனதன் இடத்தில் வந்தது. கைதட்டல் பலமாகவே விழுந்தது.

பிறகு மாங் நார்சிங் ஏறினார். வெள்ளி முடி, இறுக்கமான கால்சட்டை, முகத்தில் இருபது வயசுத் துக்கம். பக்கத்தில் மூடியோடு பெலிங். ஒலிபெருக்கியில் அசல் கொஞ்சம் ஓடி நின்றது. அவர் கண்ணை மூடி ஆரம்பித்தார். ம்ம், ஓ, லா. நன்றாகத்தான் போயிற்று. கூட்டம் அக்குளில் கை செருகிக்கொண்டு தயாராயிற்று. 'டுக்டுக்டுக்' என்றார். இருமினார். பெலிங் 'டாங்' என்று தட்டினாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு படபடப்பு கேட்டது. பிறகு சுவர்மேல் ஒரு தலை. பிறகு முழுச் சேவல். அறுந்த கயிறு காலில் தொங்க, கூட்டத்தின் தலைகளுக்கு மேலே பறந்து, தோரணத்தில் பாதியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, செனடோர் நேராக வந்து மேடையில் இறங்கியது. மாங் நார்சிங்கின் காலடியில் நின்று அவரை அண்ணாந்து பார்த்தது. பார்த்துவிட்டு, இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்பதுபோல, இடது இறக்கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு தேய்ப்புக்காகக் காத்திருந்தது.

பெலிங்தான் முதலில் சிரித்தாள். அதற்குமேல் லவ்லியால் தாங்க முடியவில்லை. மேடைக்கு ஓடிவந்து, ஜன்னல், கைபேசி, மெழுகின குரல், ஜகார்த்தா எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். "மன்னிச்சிடுங்க பெரியப்பா. அது கொரியா இல்ல. அது நீங்கதான். நீங்க சேவலைக் குளிப்பாட்டறது."

மதில்மேல் இருந்தவர்களில் இருவர் விழுந்தார்கள். கப்பித்தானா எழுந்து நின்றார்.

"இருங்க, இருங்க. மதிப்பெண் முதல்ல. மாங் நார்சிங், மன்னிக்கணும், நாங்க அதுக்கு முன்னாடியே எழுதிட்டோம். இருமல்ல உங்களுக்குக் குறைச்சுட்டோம். அசல்ல நெஞ்சுக்குள்ளேர்ந்து வருது. உங்களது செயற்கையா இருந்துச்சு."

கடோய் மேடைக்குக் கையை நீட்டிக்கொண்டே வந்தான். "அப்போ நான்தான் ஜெயிச்சேன். மைக்கைக் கொடுங்க."

"அவசரப்படாதே கடோய்," என்றார் கப்பித்தானா. பேட்டை வழக்குகளைத் தீர்த்துத் தீர்த்து அவருக்கு நாக்கு கூர்மை. "இவர் சபதம் என்ன? இவரைவிட அசலை ஒட்டிப் பாடறவனுக்கு மைக். இவரைவிட இந்தப் பாட்டை அசலாப் பாடினவன் அந்தக் கைபேசியில இருக்கறவன். அவன் யாரு? இவரே. அதனால மைக் இவருக்கே. என்ன மாங் நார்சிங், 'அது நான்தான்'னு ஒரு வார்த்தை சொல்லுங்க. வீட்டுக்குப் போகலாம், பன்றி ஆறுது."

எவ்வளவு சுலபம் பாருங்கள். ஒரு வார்த்தை. மைக் மிஞ்சும், மேடை மிஞ்சும், உலகமே அக்குளில் கை செருகி ஆடுகிற பாட்டுக்குச் சொந்தக்காரர் என்ற பேரும் வரும். நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்கள். நானும் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

மாங் நார்சிங் லவ்லியின் கைபேசியை வாங்கிக் காதில் வைத்தார். முழுசாகக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது. முதலில் புருவம் சுருங்கியது, பிறகு உதடு கோணியது.

"சுருதி கொஞ்சம் விலகுதே," என்றார்.

"எங்கே?"

"எல்லா இடத்துலயும்தான். இருமல்கூடச் சளி இருமல். இவ்வளவு நாள் எப்படிக் கவனிக்காமப் போனேன்?"

"அப்போ ஒத்துக்கறீங்களா, அது நீங்கதான்னு?"

அவர் செனடோரைப் பார்த்தார். அது இறக்கையைத் தாழ்த்தவே இல்லை. கையிலிருந்த மைக்கைப் பார்த்தார், அதன் பட்டு உறையைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. அவருக்கு அந்த மைக் உயிர். அங்கே எல்லோருக்கும் அது தெரியும், அதனால் யாரும் சிரிக்கவில்லை.

"இல்ல," என்றார். "பாடினவன் கொரியாக்காரன். பொண்ணு ஏதோ குழப்பிக்கிட்டா. சேவலுக்குச் சங்கீதம் தெரியாது."

சொல்லிவிட்டு மைக்கை உறையோடு கடோயின் கையில் வைத்தார். சேவலை எடுத்து இடுக்கிக்கொண்டு படி இறங்கினார். கடோய் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டாவது வந்தவனைப்போலவே நின்றான்.

மறுநாள் காலையில் அவர் பழையபடி செனடோரைக் கிணற்றடிக்குக் கொண்டுபோனார். வெதுவெதுப்பான தண்ணீர், கழுத்து, வால். சேவல் இறக்கையைத் தூக்கவில்லை. வாய் திறந்தால் எது வருமோ என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கைபேசியை எடுத்துத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் வைத்து அந்தப் பாட்டைப் போட்டார். ம்ம், ஓ, லா. செனடோர் தலையைச் சாய்த்துக் கேட்டது. இறக்கை தொங்கிக்கொண்டே இருந்தது. அவர் இன்னும் கொஞ்சம் யோசித்தார், சமையலறை ஜன்னலில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டார், பிறகு கைபேசிக்குப் பின்னாலேயே, ரொம்ப மெல்லமாக, ஒட்டிக்கொண்டு பாடினார். டுக்டுக்டுக். இருமினார். இறக்கை மேலே போயிற்று.

"ப்ளகாடோ," என்றார் மாங் நார்சிங் திருப்தியாக.

உள்ளேயிருந்து 'டாங்' கேட்டது.

சிரித்தீர்களா? சிரிப்பதற்கென்ன, சிரியுங்கள். மரிக்கினா தூரத்தில் இருக்கிறது, கடல் தாண்டி யாரும் வந்து கோபித்துக்கொள்ளப் போவதில்லை. ஆனால் சிரித்து முடித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். நேற்று நீங்கள் நாலு பேருக்கு ஒரு பாட்டை அனுப்பி, 'வெளிநாட்டிலேயே இதைக் கொண்டாடுகிறார்கள்' என்று கீழே எழுதினீர்களே, அதைக் கேட்கும்போது உங்களுக்குப் பிடித்தது எப்போது? கேட்டபோதா, கொண்டாடுகிறார்கள் என்று தெரிந்தபோதா? நாளைக் காலையில் குளிக்கும்போது வாயில் என்ன முனகல் வருகிறது என்றும் கொஞ்சம் காது கொடுங்கள். நடுவில் ஒரு இருமல் வரும். அது உங்களுடையதுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் சேவல் இருந்தால் அதைக் கேளுங்கள்.